கார்ல் பென் ஐல்சன்: பிரேக் இல்லாத விமானத்தை உறைந்த கடலில் இறக்கியவர்!

விமானத்தில் போகும்போது சீட்டின் கைப்பிடியை நாம் இறுக்கிப் பிடிப்பது எப்போது? பெரும்பாலும் சக்கரம் தரையைத் தொடும் அந்தச் சில விநாடிகளில்தான். கீழே 3 கி.மீ. நீளத்துக்கு விளக்கு போட்ட, காய்ந்த ஓடுபாதை இருந்தாலும் அந்தப் பயம் வரத்தான் செய்கிறது.

இப்போது அந்த ஓடுபாதையை எடுத்துவிடுங்கள். விளக்குகளையும் எடுத்துவிடுங்கள். விமானத்தில் பிரேக் கிடையாது. வழி சொல்லக் கட்டுப்பாட்டு கோபுரம் கிடையாது. கீழே இருப்பது உறைந்துபோன கடல். பனிக்கட்டி எவ்வளவு தடிமன் என்று யாருக்கும் தெரியாது. இதில் இன்ஜின் வேறு விட்டுவிட்டு ஓடுகிறது.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு இடத்தில் விமானத்தை இறக்கி, அதைச் சரிசெய்து மறுபடி மேலே கிளப்பியவர் கார்ல் பென் ஐல்சன். அலாஸ்காவின் முதல் விமான அஞ்சலைக் கொண்டுபோனவர். வட அமெரிக்காவிலிருந்து ஆர்க்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பியப் பக்கத்துக்குப் பறந்தவர். அன்டார்க்டிகாவில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர். இவ்வளவையும் செய்துவிட்டு இறந்தபோது அவருக்கு வயது 32தான்.

அவர் பறந்த தூரங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால், அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தவை தரையிறக்கங்கள்தான். பனியில் ஒரு சிறிய விமானத்தைப் பத்திரமாக இறக்குவது எப்படி என்ற கேள்விக்கு, ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து விடை தேடிய முதல் தலைமுறை விமானி அவர்.

யார் இந்த ஐல்சன்?

1897 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாகாணத்தில் உள்ள ஹாட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பம். அப்பா ஊரில் கடை வைத்திருந்தார்.

முதல் உலகப்போரின்போது ராணுவத்தில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகினார். ஆனால், அவர் போர்முனைக்குப் போவதற்குள் போரே முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து ஒரு விமான கிளப் ஆரம்பித்து, ஒரு பழைய ராணுவப் பயிற்சி விமானத்தை வாங்கிக் கண்காட்சிகளில் பறந்து காட்டினார். வீட்டில் இதை யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. அதனால் சட்டம் படிக்க வாஷிங்டன் போனார். படிப்புச் செலவுக்காக நாடாளுமன்றக் கட்டடத்தில் காவலர் வேலை பார்த்தார்.

அங்கேதான் திருப்பம். அலாஸ்காவின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்த டான் சதர்லாண்டின் அறிமுகம் கிடைத்தது. ஃபேர்பேங்க்ஸ் நகர உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்று அவர் சொல்ல, 1922இல் ஐல்சன் அலாஸ்காவுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த ஆண்டே உள்ளூர் முதலீட்டாளர்களின் உதவியோடு ஒரு விமானம் வந்து சேர்ந்தது. பள்ளி ஆசிரியர் மறுபடி விமானி ஆனார்.

பனியில் இறங்குவதில் அப்படி என்ன பிரச்சினை?

நமக்கு எல்லாமே பனிதான். ஊட்டியில் காலையில் புல்மேல் படிவதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. ஆனால், விமானிக்கு அப்படி இல்லை. புதிதாக விழுந்த பொலபொலப்பான பனி ஒரு ரகம். காற்று அடித்து இறுகிப்போன பனி இன்னொரு ரகம். கண்ணாடி மாதிரி வழுக்கும் பனிக்கட்டி, மேலே லேசாக உருகித் தண்ணீர் நிற்கும் பனிக்கட்டி, மேலே பனியும் அடியில் ஈரமும் ஒளிந்திருக்கும் ஆற்றுப்பரப்பு என ஒவ்வொன்றிலும் விமானம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஆழமான பனியில் சக்கரம் புதைந்தால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழும். அதனால்தான் குளிர்காலத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப் பலகைகளை மாட்டுவார்கள். எடை பரவலாக விழுவதால் விமானம் புதையாது.

சரி, பிரேக் இல்லாம எப்படி நிறுத்துவாங்க? நிறுத்த முடியாது என்பதுதான் பதில். அதுவாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பனிக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு, எதிரே அடிக்கும் காற்று, கொஞ்சம் மேடான தரை, இவைதான் பிரேக். 1920களின் பல விமானங்களில் சக்கரம் மாட்டியிருந்தாலும் பிரேக் இருக்காது. வால் பகுதியில் தரையைக் கீறிக்கொண்டே வரும் ஒரு கட்டைதான் வேகத்தைக் குறைக்கும். வெறும் பனிக்கட்டியில் அந்தக் கட்டையும் பெரிதாக உதவாது.

நின்ற பிறகும் பிரச்சினை முடியாது. சறுக்கி வந்த பலகை உராய்வால் சூடாகியிருக்கும். அடியிலுள்ள பனி லேசாக உருகி, சில நிமிடங்களில் மறுபடி உறைந்து பலகையைத் தரையோடு ஒட்டிவிடும். அதனால் விமானி இறங்கியதும் மரக்கிளைகளைப் பலகைக்கு அடியில் போடுவார். அல்லது தன் சொந்தத் தடத்திலேயே ஒருமுறை ஓட்டி, இறுகிய பனியின் மேல் கொண்டுவந்து நிறுத்துவார்.

அடுத்தது இன்ஜின். கடும் குளிரில் இன்ஜின் எண்ணெய் தார் மாதிரி கெட்டியாகிவிடும். ஆகவே, விமானம் நின்றதும் சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வடித்து எடுத்துவிடுவார்கள். கிளம்பும் முன் அதை அடுப்பில் சூடாக்கி மறுபடி ஊற்றுவார்கள். இன்ஜினைக் கித்தான் துணியால் மூடி, அடியில் அடுப்பு வைத்துச் சூடேற்றுவதும் உண்டு. துணியில் தீப்பிடிக்காமல் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடங்களில் எதுவும் அப்போது புத்தகமாக இல்லை. ஐல்சன் மாதிரி ஆட்கள் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

தீமூட்டி வெளிச்சம் காட்டிய ஊர்

1924 பிப்ரவரி 21. அமெரிக்க அஞ்சல் துறை சோதனை முயற்சியாகக் கொடுத்த டி ஹாவிலண்ட் டி.எச்.-4 விமானத்தில், 70 கிலோவுக்கும் அதிகமான தபால்களோடு ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஐல்சன் கிளம்பினார். சுமார் 450 கி.மீ. தொலைவில் இருந்த மெக்ராத் ஊருக்கு 3 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் இதே தபால் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகும். ஒரு கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு இது எப்பேர்ப்பட்ட மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால், திரும்பும் வழியில் கதை மாறியது. மதியத்துக்குப் பிறகு கிளம்பியவர் வழி தவறினார். இருட்டிவிட்டது. கீழே எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் காடு. நேரமாகியும் விமானம் வராததைப் பார்த்த ஃபேர்பேங்க்ஸ் மக்கள், மைதானத்தில் தீ மூட்டி வெளிச்சம் காட்டினார்கள். அந்த நெருப்பைப் பார்த்துத்தான் ஐல்சன் ஊரைக் கண்டுபிடித்தார். இறங்கும்போது விமானம் சேதமானது. அவர் தப்பித்தார். ஊரே அவரைக் கொண்டாடியது.

அஞ்சல் துறையின் கணக்கு வேறு. பத்துப் பயணங்களுக்கு ஒப்பந்தம். எட்டாவது பயணத்தோடு சோதனை நிறுத்தப்பட்டது, விமானமும் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. காரணம், வானத்தில் நடந்தது எதுவும் இல்லை. எல்லாச் சேதமும் தரையைத் தொடும்போது நேர்ந்தவை. கனமான அந்த விமானம் பனிக்கும் சேற்றுக்கும் பொருந்தவில்லை. தரையும் விமானத்துக்குத் தயாராக இல்லை. நல்ல ஓடுபாதையும் பொருத்தமான விமானமும் பழுது பார்க்கும் வசதியும் இல்லாமல் விமான சேவை நடத்த முடியாது என்பது புரிந்தது.

இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் அந்த முடிவு சரிதான். ஆனால், ஐல்சனுக்கு அது பெரிய அடி. அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்.

கடல் நடுவே இறங்கிய நாள்

அவரை மறுபடி வடக்கே இழுத்தவர் ஆஸ்திரேலியரான ஹூபர்ட் வில்கின்ஸ். அலாஸ்காவுக்கு வடக்கே வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்த ஆர்க்டிக் பகுதியில் ஏதாவது நிலம் இருக்கிறதா என்று விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்குப் பனியில் இறங்கத் தெரிந்த விமானி வேண்டும். 1926இல் ஐல்சன் அவரோடு சேர்ந்தார். முதல் ஆண்டு விபத்துகளிலேயே கழிந்தது.

1927 மார்ச் 29 காலை, அலாஸ்காவின் வடமுனையான பாயின்ட் பாரோவிலிருந்து இருவரும் ஒரு ஸ்டின்சன் விமானத்தில் கிளம்பினார்கள். சில மணி நேரத்தில் இன்ஜின் தகராறு செய்ய ஆரம்பித்தது. கரையிலிருந்து கிட்டத்தட்ட 900 கி.மீ. தொலைவு. கீழே மிதக்கும் பனிப்பாளங்கள் மட்டும்தான்.

மிதக்கும் பனி என்றால் சமதளமான வெள்ளைத் தரை என்று நினைத்துவிடக் கூடாது. பாளங்கள் ஒன்றோடு ஒன்று மோதி, வீட்டுச் சுவர் உயரத்துக்குக்கூடப் பனிக்கட்டி மேடுகள் எழும்பி நிற்கும். நடுநடுவே கறுப்புத் தண்ணீர் தெரியும் பிளவுகள். சில பிளவுகள் நேற்றுதான் மெல்லிய பனி மூடியிருக்கும், மேலே இருந்து பார்த்தால் நல்ல ஓடுபாதை மாதிரியே இருக்கும். இறங்கினால் கடலுக்குள்தான் போக வேண்டும். ஆக, வழவழப்பாகத் தெரிவது ஆபத்து, கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிவது பாதுகாப்பு. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்ட கண்தான் துருவ விமானியின் முதல் கருவி.

ஐல்சன் மேடுகளுக்கு நடுவே ஒரு பாளத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கினார். விமானம் உடையாமல் நின்றது. நிலத்தில் இறங்கும் வகை விமானம் ஒன்று, கரையிலிருந்து இவ்வளவு தொலைவில் மிதக்கும் பனியில் இறங்கி மீண்டும் எழும்பியது அதுதான் முதல் முறை.

ஐல்சன் இன்ஜினைப் பழுது பார்க்க, வில்கின்ஸ் பனியில் துளை போட்டு, வெடிச்சத்தம் எழுப்பி அதன் எதிரொலியை வைத்துக் கடலின் ஆழத்தை அளந்தார். எதிரொலி கேட்க வேண்டுமானால் இன்ஜின் சத்தம் இருக்கக் கூடாது. அதாவது, மறுபடி கிளம்புமா என்று தெரியாத இன்ஜினை அந்தக் குளிரில் அணைத்துவைக்க வேண்டும். வந்த வேலை முக்கியம் என்று அதையும் செய்தார்கள். வெறும் கையால் இரும்புப் பாகங்களைத் தொட்டுத் தொட்டு வேலை பார்த்ததில் ஐல்சனின் விரல்கள் உறைந்தன.

விமானம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கோளாறு, மறுபடி பனியில் இறக்கம், மறுபடி பழுது. ஒரே நாளில் இரண்டு முறை!

இருட்டில் மூன்றாவது முறை

நேரம் போய்விட்டது, எரிபொருளும் கரைந்துவிட்டது. திரும்பும் வழியில் பனிப்புயல். இரவில், கரை எட்டும் முன்பே பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாத இருட்டு.

இந்த மாதிரி நேரத்தில் விமானி செய்யக்கூடியது ஒன்றுதான். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி, இறக்கைகளைச் சமமாக வைத்து, விமானம் விழாத அளவுக்குக் குறைந்த வேகத்தில் மெல்ல மெல்ல இறங்க விடுவது. வேகம் கொஞ்சம் கூடினாலும் மோதும் வேகம் கூடும். கொஞ்சம் குறைந்தாலும் விமானம் கல் மாதிரி விழும். ஐல்சன் அந்தக் கோட்டில் பிடித்துக்கொண்டே வந்தார். விமானம் பனியில் மோதி உடைந்தது. உள்ளே இருந்த இருவருக்கும் பெரிய காயம் இல்லை.

புயல் ஓய 5 நாள் ஆனது. விமானத்துக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்கள் தூங்கும்போதும் அடியிலிருந்த பனிப்பாளம் மிதந்து போய்க்கொண்டே இருந்தது. பிறகு விமானத்தின் பாகங்களை வைத்தே சறுக்குவண்டி செய்து, சாமான்களை ஏற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பனிக்கட்டி மேடுகளில் ஏறி இறங்கி, இரவில் பனிவீடு கட்டிப் படுத்து, 13 நாள் நடந்து பீச்சி பாயின்ட் என்ற வணிகக் குடியிருப்பை அடைந்தார்கள். துருவப் பயணங்களில் பழகிய வில்கின்ஸ் கூட இருந்தது ஐல்சனின் அதிர்ஷ்டம். அவரைப் பத்திரமாகப் பனியில் இறக்கியது ஐல்சனின் பங்கு.

உறைந்துபோன சுண்டுவிரலை மருத்துவர் அகற்ற வேண்டியிருந்தது. விமானிக்குக் கைதானே எல்லாம்? ஆனாலும் அடுத்த ஆண்டு ஐல்சன் மறுபடி பாயின்ட் பாரோவில் நின்றார்.

இறங்கினால் போதுமா, ஏற வேண்டாமா?

1928 ஏப்ரல் 15. இந்த முறை லாக்ஹீட் வேகா என்ற புது வகை விமானம். உள்ளூர் பழங்குடி மக்கள் பனியை வெட்டி ஒரு நீண்ட குறுகிய பாதை அமைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பனிச் சுவர். எரிபொருளின் சுமையோடு அந்தச் சந்துக்குள் நேராக ஓடி ஏற வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

ஏறினார்கள். சுமார் 3,500 கி.மீ. தாண்டி, நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கூட்டத்தை நெருங்கியபோது புயல். முன்கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்து வில்கின்ஸ் வழி சொல்ல, ஐல்சன் ஒரு சமதளமான பனிப்பரப்பில் இறக்கினார். மொத்தம் 20 மணி நேரம் 20 நிமிடம் பறந்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பலமான எதிர்க்காற்றில் இறங்கியதால், தரையைத் தொட்ட சில அடி தூரத்திலேயே விமானம் நின்றுவிட்டது. பிரேக் இல்லாத விமானத்துக்குக் காற்றே பிரேக்! இன்றைக்கும் வழுக்கும் ஓடுபாதையில் இறங்கும் சிறிய விமானத்தின் விமானி முதலில் கேட்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான். நேர் எதிரே வந்தால் நண்பன். பக்கவாட்டில் வந்தால் பிடிமானம் இல்லாத தரையில் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் வந்தால் நிற்கும் தூரத்தை நீட்டிவிடும்.

அவர்கள் இறங்கிய இடம் ஆள் இல்லாத சிறு தீவு. பெயரே இறந்தவன் தீவு என்ற பொருளில்தான் இருந்தது. புயல் அடங்கும் வரை 5 நாள் அங்கேயே கிடந்தார்கள். பிறகு கிளம்பும்போதுதான் வேடிக்கை. பனியில் அழுந்திய விமானம் நகரவில்லை. வில்கின்ஸ் வெளியே இறங்கித் தள்ளினார். விமானம் சட்டென்று சறுக்கிக் கிளம்பியது, அவரால் ஏற முடியவில்லை. கூட ஆள் இல்லை என்று தெரியாமல் ஐல்சன் மேலே போய்விட்டார்! கீழே தனியாக நின்றவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கினார். இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை, வில்கின்ஸ் விமானத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டே ஒரு கட்டையால் பனியை உந்தித் தள்ள, விமானம் நகர்ந்தது. அவர்கள் தேடிய க்ரீன் ஹார்பர் வானொலி நிலையம் பக்கத்திலேயே இருந்தது.

இந்தச் சாதனைக்காக வில்கின்ஸுக்கு பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. ஐல்சனுக்கு விமானத் துறையின் உயரிய ஹார்மன் விருது கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் இருவரும் உலகின் இன்னொரு முனையில் இருந்தார்கள். அன்டார்க்டிகாவை ஒட்டிய டிசெப்ஷன் தீவின் விரிகுடா உறைந்து கிடக்கும், அதையே ஓடுபாதை ஆக்கலாம் என்பது திட்டம். ஆனால், அந்த ஆண்டு பனிக்கட்டி போதிய தடிமன் இல்லை. வேறு வழியில்லாமல் எரிமலைச் சாம்பலும் கல்லும் கிடந்த தரையைச் சுத்தம் செய்து, ஸ்கீயைக் கழற்றிச் சக்கரம் மாட்டிப் பறந்தார்கள். 1928 நவம்பர் 16 அன்று அன்டார்க்டிகாவில் முதல் விமானம் பறந்தது இப்படித்தான். பனியை நம்பாத அன்றைக்குத்தான் பனிக்கண்டத்தின் முதல் பயணமே நடந்தது!

கடைசிப் பயணம்

1929இல் ஐல்சன் அலாஸ்கா திரும்பினார். சிறு நிறுவனங்களை இணைத்து உருவான அலாஸ்கன் ஏர்வேஸுக்கு அவர்தான் தலைவர். இனி அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில் நானுக் என்ற வணிகக் கப்பல் சைபீரியாவின் வடகரையில் பனியில் சிக்கிக்கொண்டது. உள்ளே பயணிகளும் விலையுயர்ந்த உரோமத் தோல் மூட்டைகளும். அவற்றை விமானத்தில் மீட்டுக் கொண்டுவர 50,000 டாலருக்கு ஒப்பந்தம். புதிய நிறுவனத்துக்கு இது பெரிய வாய்ப்பு. முதல் பயணம் வெற்றிகரமாக முடிந்தது. 1929 நவம்பர் 9 அன்று இரண்டாவது பயணத்துக்கு ஐல்சனும் மெக்கானிக் ஏர்ல் போர்லாண்டும் கிளம்பினார்கள். வானிலை மோசமாக இருந்தது. விமானம் கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை.

தேடல் 77 நாள் நடந்தது. அப்போது அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் தூதரக உறவே கிடையாது. ஆனாலும் இரு நாட்டு விமானிகளும் சேர்ந்தே தேடினார்கள். 1930 ஜனவரி இறுதியில், அன்டார்க்டிகாவில் ஐல்சனோடு பறந்த ஜோ கிராசன், பனிமேல் ஒரு கறுப்பு நிழலைக் கவனித்தார். பனியிலிருந்து துருத்திக்கொண்டிருந்த விமான இறக்கையின் நிழல் அது. கிராசனும் ஹெரால்ட் கில்லமும் பக்கத்திலேயே தங்கள் விமானங்களை இறக்கினார்கள். கல்லாக இறுகிய பனியைத் தோண்டி, பிப்ரவரியில்தான் இரண்டு உடல்களையும் எடுக்க முடிந்தது. சோவியத் விமானி மாவ்ரிக்கி ஸ்லெப்னியோவ் உடல்களோடு அலாஸ்கா வரை வந்து ஒப்படைத்தார்.

இவ்வளவு தெரிந்தவருக்கு என்ன ஆனது?

விமானம் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும் நிலையில் தரையில் மோதியிருந்தது. அதாவது, ஐல்சன் இறங்க முயற்சி செய்யவில்லை. தரை அவ்வளவு பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. உயரத்தைக் காட்டும் கருவி தவறான அளவைக் காட்டியிருக்கலாம் என்பது அன்றைய கணிப்பு.

உயரமானி எப்படிப் பொய் சொல்லும்? அது உண்மையில் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அதை வைத்து உயரத்தைக் கணக்கிடும். ஆனால், புயல் வரும்போது தரையிலேயே அழுத்தம் குறைந்துவிடும். கருவியோ விமானம் மேலே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் சுமார் 8 மீட்டர் பிழை. பெரிய புயலில் 30 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 200 மீட்டருக்கும் மேல் பிழை வரும். கடும் குளிரும் இந்தப் பிழையைக் கூட்டும். கருவி 300 மீட்டர் என்று காட்டும்போது, உண்மையில் விமானம் 100 மீட்டருக்கும் கீழே இருக்கலாம். இப்போது விமானிகளுக்கு அந்தந்த இடத்தின் அழுத்தத்தை ரேடியோவில் சொல்லி, கருவியைத் திருத்தச் சொல்கிறார்கள். ஐல்சனுக்கு அதைச் சொல்ல வழியில் யாரும் இல்லை.

கண்ணால் பார்த்துத் தப்பித்திருக்க முடியாதா? வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, நிழலே விழாத மங்கிய வெளிச்சம். இந்த நிலையில் தரை 10 மீட்டரில் இருக்கிறதா, 100 மீட்டரில் இருக்கிறதா என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது. பிற்கால அலாஸ்கா விமானிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இறங்கும் முன் மரக்கிளையையோ கறுப்புச் சாக்கையோ பனியில் வீசி, அதை வைத்து உயரத்தைக் கணிப்பார்கள். வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி உயிரைக் காப்பாற்றும். கிராசன் அந்த விமானத்தைக் கண்டுபிடித்ததும் ஒரு நிழலால்தான்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

யாரோ ஒருவர் தீ மூட்டி வெளிச்சம் காட்டிய இடத்தில் இன்று சர்வதேச விதிகள் இருக்கின்றன. 2021 நவம்பர் முதல், உலகம் முழுக்க ஓடுபாதையின் நிலையை 0 முதல் 6 வரை எண்களால் சொல்லும் முறை வந்துவிட்டது. 6 என்றால் காய்ந்த ஓடுபாதை. 1 என்றால் பனிக்கட்டி. 0 என்றால் தண்ணீர் நிற்கும் பனிக்கட்டி, பிரேக் கிட்டத்தட்ட வேலை செய்யாது.

சிறிய விமானங்களை ஓட்டுபவர்களுக்கான அடிப்படைப் பாடங்கள் மட்டும் பெரிதாக மாறவில்லை:

- இறங்கும் வேகம் துல்லியமாக இருக்க வேண்டும். 10 சதவீதம் வேகம் கூடினால், நிற்கத் தேவையான தூரம் சுமார் 21 சதவீதம் கூடும்.
- ஓடுபாதையின் தொடக்கப் பகுதியிலேயே இறங்க வேண்டும். மிச்சமுள்ள நீளம்தான் பாதுகாப்பு.
- பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் விமானம் இஷ்டத்துக்குச் சறுக்கும். வேகம் இருக்கும் வரை காற்றின் எதிர்ப்பையும் வால் திசைமாற்றியையும் நம்ப வேண்டும்.
- நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகே திரும்ப வேண்டும்.
- பக்கக் காற்று அதிகமென்றால் வேறு ஓடுபாதை, வேறு ஊர். சந்தேகம் வந்தால் இறங்காமல் மேலே ஏறிவிடுவது.

கடைசி விதிதான் கஷ்டமானது. அதற்குக் கை வேகம் போதாது. காத்திருக்கும் வாடிக்கையாளர், ஒப்பந்தப் பணம், நேற்று முடிந்ததே என்ற நம்பிக்கை, எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்ல வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஐல்சனுக்குப் பனி சறுக்கவில்லை. பனி கண்ணுக்குத் தெரியாத நாளில் பறந்ததுதான் அவரை வீழ்த்தியது.

1930 மார்ச்சில் அவர் உடல் ஹாட்டன் வந்து சேர்ந்தபோது, அந்தச் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் ஒரு மலைக்கு அவர் பெயர். ஃபேர்பேங்க்ஸ் அருகே உள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்துக்கும் ஐல்சன் என்றே பெயர். அங்குள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 4.4 கி.மீ. அதிலும் குளிர்காலம் முழுக்கப் பனி விழுகிறது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் போய்ப் பனியை அகற்றி, வழுக்கலை அளந்து, அந்த எண்ணை விமானிக்குச் சொன்ன பிறகுதான் விமானங்கள் இறங்குகின்றன.